சங்குக்கு வாய் திறக்காத நாய்

கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த மறுநாள் காலை, ஸ்டவ்வில் பால் வைத்திருந்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அந்தச் சத்தம் முழுசாக மேலேறுவதற்குள் வாசலில் கட்டியிருந்த நாய் குரைக்கத் தொடங்கியது. சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகத் துள்ளித் துள்ளிக் குரைத்தது. பிறகு குரைப்பை விட்டுவிட்டு, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஊளையிட்டது. சங்கு ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை. பால் பொங்கி வழிந்து ஸ்டவ் அணைந்தது. எனக்கு அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் வேலூருக்குப் பக்கம். அங்கே நாய் ஊளையிட்டால் யாராவது எழுந்துபோய்க் கல்லெறிந்து விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். எமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்பது பேச்சு. சங்கு என்றாலோ எங்களுக்குப் பாடைக்கு முன்னால் ஊதுவதுதான். இங்கே இரண்டும் ஒன்றாகக் கேட்டன. அதுவும் என் கணவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும் நேரத்தில். அவருக்கு வேலை, குண்டுகளுக்குள் மருந்து அடைக்கும் பிரிவில்.

"ஏங்க, தெனமும் இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"மூணு வேளையும்தான். பழகிடும் உடு," என்று சொல்லிவிட்டு நாயின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அது அவர் தனியாக இருந்த காலத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாயிலிருந்து எடுத்து வந்த குட்டி. கறுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பெயர்கூட வைக்கவில்லை. "டேய்" என்பார், அது ஓடிவரும். யாரையும் கடித்ததில்லை. ஆனால் குரைக்காத நேரம் குறைவு. சைக்கிள் போனால் குரைக்கும், பால்காரர் வந்தால் குரைக்கும், குக்கர் விசிலுக்குக் குரைக்கும். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்குக்கு அது ஊளையிடுவதைத்தான் எங்கள் லைனில் ஒருவராலும் தாங்க முடியவில்லை.

லைன் என்பது தொழிற்சாலைக் குடியிருப்பின் ஒரு வரிசை. ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள், கோடியில் பொதுக் குழாய், எதிரே மண் ரோடு, அதற்கப்பால் முள்கம்பி போட்ட மதில். மதிலுக்கு மேலே புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். வேறெதுவும் தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் பெண்கள் தெரிந்துகொள்வார்கள். நீளமாக ஒரே மூச்சில் ஊதினால் ஷிப்ட் மாறுகிறது. விட்டு விட்டு ஊதினால் விபத்து. அதை எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வீட்டு அக்கா.

அக்கா புனேயிலேயே பிறந்தவர். அவர் கணவரும் என் கணவரும் ஒரே பிரிவு, அடுத்தடுத்த மேசை. ரேஷன் கடையில் இந்தியில் எப்படிச் சண்டை போடுவது என்பதிலிருந்து எந்தக் கடையில் புளி நல்லது என்பது வரை எனக்குப் பழக்கிவிட்டவர் அவர்தான். சங்கை அவர் சங்கு என்று சொல்லமாட்டார். "போங்கா" என்பார், இங்கத்துக்காரர்களைப் போல. நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அதில் பாடை ஞாபகம் வரவில்லை.

அக்காவுக்கு என்மேல் பிரியம். நாயைக் கண்டால் மட்டும் முகம் மாறிவிடும். "உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு பாப்பா, அத்த எங்கேயாவது தூரமா உட்டுட்டு வரச்சொல்லு. ஆம்பளைங்க டூட்டிக்குப் போற நேரத்துல இன்னா அது, எழவு வூட்டு ஓலம்?" என்பார். அவருடைய கணவருக்கோ அந்த நாய் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை எலும்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து போடுவார். "அது பாட்டுக்குப் பாடிட்டுப் போவட்டும், உனக்கு இன்னா நஷ்டம்?" என்று அக்காவிடம் சிரிப்பார்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் மதியச் சங்குக்கு நாய் வழக்கத்தைவிட நீளமாக ஊளையிட்டது. அப்படித்தான் பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் லைனின் கடைசி வீட்டு மராத்திக்காரர் இரண்டு கையிலும் கட்டோடு வந்து இறங்கினார். கை வெந்துபோயிருந்தது. பெண்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொருவராக எங்கள் வாசலில் நின்று நாயைப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

சில நாள் கழித்து, குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பினேன். நாய் வழக்கம்போல வாலை ஆட்டி வரவில்லை. சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், கோணி தைக்கும் சணலால் அதன் வாயைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முன்காலால் பிறாண்டிப் பிறாண்டி மூக்கில் ரத்தம். கத்தியைக் கொண்டுவந்து சணலை அறுத்தெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். பட்டப்பகல். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒரு வாசலிலும் ஆள் இல்லை.

அந்த நாய் கூச்சல் போடாமல் கட்டவிட்டிருக்கிறது என்றால், கட்டியவர் அதற்குத் தெரிந்தவர். இதை நான் கணவரிடம் சொன்னபோது அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"அடுத்தது சோத்துல மருந்து வெப்பாங்க," என்றார்.

"எங்கியாவது உட்டுடலாமா?"

"உட்டா ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும். வந்ததும் இன்னும் ஜாஸ்தியா கத்தும்." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் பயப்படறதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து ஊருக்குள் கேம்ப் என்ற பகுதிக்குப் போனோம். அங்கே ஒரு மிருக வைத்தியர் இருப்பதாக அவரோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருந்தார். நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டுத்தான் போனோம், உள்ளே வைத்துப் பூட்டி. நோயாளியே இல்லாமல் வந்த எங்களைப் பார்த்து வைத்தியர் முதலில் சிரித்தார். பிறகு இந்தியில் பொறுமையாகச் சொன்னார். நான் பாதி புரிந்துகொண்டேன், மீதியை என் கணவர் தமிழில் சொன்னார். தூரத்தில் ஏதோ ஒரு பெரிய நாய் தன்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்து உங்கள் நாய் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். அடித்தால் நிற்காது. நீங்கள் கத்தி அதட்டினால், வீட்டு மனிதர்களும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை மிகக் குறைவாகக் கேட்க வையுங்கள். வாய் திறக்காமல் இருக்கும்போதே ஏதாவது தின்னக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். குரைத்தால் திட்டவேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், சத்தத்தை மறுபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "சங்கு சத்தத்த எப்பிடிக் குறைக்கறது?"

"டேப்புல புடிங்க," என்றேன். என் சீதனத்தில் வந்த டேப் ரிக்கார்டர் இருந்தது.

வீட்டுப் பின்சுவரில் அதை வைத்து அவர் பதிவு செய்தார். போட்டுப் பார்த்தால் சங்கைவிட நாயின் ஊளைதான் பெரிதாகக் கேட்டது. தன் குரலுக்கே நாய் பதில் ஊளையிட்டது. அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம். அடுத்த தடவை நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெகுதூரம் நடந்துபோய் ஆற்றுப் பக்கம் நின்றேன். அவர் சங்கை மட்டும் பிடித்தார்.

பயிற்சி என்னுடையதாயிற்று. மத்தியானம் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் கேசட்டை ஓடவிடுவேன். கையில் காய்ந்த பொம்பில் மீன் துண்டுகள். இங்கே சந்தையில் சரம் சரமாகத் தொங்கும் கருவாடு. நாய் காதை நிமிர்த்தும். தொண்டையில் ஒரு உறுமல் கிளம்பும். அது குரைப்பாக மாறுவதற்குள் "போதும்" என்று மெதுவாகச் சொல்லித் துண்டை நீட்டுவேன். முதல் வாரம் முழுக்க மீனையும் தின்றது, ஊளையும் இட்டது. நேரம் பிசகாமல் கொடுக்க எனக்குத்தான் தெரியவில்லை. அது வாய் திறக்கும் முன் அதன் நெஞ்சு ஒருமுறை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைக் கவனிக்கப் பழகிய பிறகு வேலை சுலபமாயிற்று. சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டுவேன், ஒருநாள் காத்திருப்பேன், இன்னும் ஒரு மயிரிழை.

மூடிய வீட்டுக்குள் அந்தச் சங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கு நல்லதாக இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் காதுக்குள் ஊதும். தூக்கத்தில் ஊதும். எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவர் மூச்சு விடுகிறாரா என்று கை வைத்துப் பார்ப்பேன். ஆனால் நாய் அடங்கிக்கொண்டே வந்தது. சங்கு கேட்டதும் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தது.

கடைசிப் படிக்கு வந்தபோது ஒரு மத்தியானம், டேப் ரிக்கார்டரை முழுச் சத்தத்தில் வைத்தேன். ஊளையில்லை. நாய் உட்கார்ந்தபடியே இருந்தது. சந்தோஷத்தில் மீன் துண்டை நீட்டியபோது வெளியே காலடிச் சத்தம். கதவைத் திறந்தேன். லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அக்கா வெறுங்காலோடு, இரண்டு கையிலும் ரொட்டி மாவோடு, மண் ரோட்டில் தொழிற்சாலைக் கேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதியதும் அவர் நீளமா, விட்டு விட்டா என்று கேட்கக்கூட நிற்கவில்லை.

நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தேன். "அக்கா, டேப்பு! டேப்புக்கா அது! நாய்க்கு பழக்கறதுக்கு!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "போங்காவ வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கியா நீ?" என்றார். "அரே, ஆம்பளைங்க உள்ள இருக்கறப்ப அத்த வெச்சு விளையாடறியா? வெளிய கேட்டா பத்தாதுன்னு வூட்டுக்குள்ள கூப்புடறியா?"

மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அவர் கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எலும்போடு வந்தார். "சும்மா உக்காந்திருக்கே பாரேன், ஆபீசர் மாதிரி," என்று நாயைப் பார்த்து வியந்தார்.

நிஜச் சங்குக்கும் நாய் வாய் திறப்பதை விட்டது. கேசட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். காலையில் ஆண்கள் கிளம்பும்போது லைனில் சைக்கிள் மணி மட்டும்தான் கேட்டது. குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள். கடைசி வீட்டு மராத்திக்காரர் கைக்கட்டு அவிழ்த்து மறுபடி வேலைக்குப் போனார். நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் ஒருநாள், சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்னால் சங்கு ஊதியது. விட்டு விட்டு ஊதியது.

நான் கோலமாவுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே வாசலுக்கு வந்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் ஓடவில்லை. மதிலைப் பார்த்தபடி நின்றார்கள். புகை ஏதும் இல்லை. வெடித்த சத்தமும் கேட்டிருக்கவில்லை. அந்தச் சங்கு மட்டும் ஊதுவதும் நிற்பதும் ஊதுவதுமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு முகமாகத் திரும்பி எங்கள் நாயைப் பார்த்தது.

நாய் எழுந்து நின்றது. மடியாத காது விறைத்திருந்தது. உடம்பு நடுங்கியது. அதன் நெஞ்சு உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். "போதும்" என்று என் வாய் தானாகச் சொன்னது. என் கையில் மீன் இல்லை. ஈரம்தான் இருந்தது. நாய் வந்து உள்ளங்கையில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா நின்றது.

"கத்தல பாத்தியா?" என்றாள் எதிர்ப்பக்கத்து ஒருத்தி. "நாய் கத்தல. ஒண்ணும் ஆயிருக்காது."

இன்னொருத்தியும் அதையே மராத்தியில் சொன்னாள். நான் நாயைப் பழக்கியது அத்தனை பேருக்கும் தெரியும். கேசட் சத்தத்துக்கு வெளியே ஓடிவந்தவர்கள்தான் அவர்கள். இருந்தும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா முதல்முறையாக எங்கள் நாயின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதன் முகத்தையே பார்த்தார். மாதக்கணக்காகப் பேசாதவர் என்னிடம் கேட்டார்: "கத்தலியே பாப்பா. இல்ல?"

"இல்லக்கா," என்றேன்.

வேறென்ன சொல்வது? எனக்கும் அதை நம்பவேண்டியிருந்தது.

நெடுநேரம் கழித்து மண் ரோட்டில் ஒரு ஜீப் வந்தது. மெதுவாக வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் கதவு நம்பர்களைப் படித்துக்கொண்டே வந்தார். ஜீப் தாண்டிய வாசலில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். அடுத்தவள் நிலையைப் பிடித்துக்கொள்வாள். அந்த வண்டி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. இறங்கியவர் என் கதவைப் பார்த்தார், அக்கா கதவைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். என்னை நோக்கி ஒரு அடி வைத்தார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பிறகு திரும்பி அக்காவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

எனக்கு அந்த நொடியில் வந்தது துக்கம் இல்லை. அதை இப்போதும் வேறு பெயர் சொல்லி மறைக்க விரும்பவில்லை. என் உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் ஓடியது. அதற்குப் பின்னால்தான் அக்காவின் குரல் கேட்டது.

இருட்டியபின் என் கணவர் வந்தார். சட்டையில் அவருடையதல்லாத ரத்தம். "ரெண்டு நிமிசம் முன்னதான் நான் தண்ணி குடிக்கப் போனேன்," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் எங்கள் ஆட்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். மேளமும் சங்கும் கொண்டுவந்தார்கள். எடுக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் சங்கை வாயில் வைத்து ஊதினார். எங்கள் வாசலில் நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அசையவில்லை. பெண்கள் பிடித்திருந்த கையிலிருந்து அக்கா விடுவித்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"நீதானே அது வாயக் கட்டினே?" என்றார். கத்தவில்லை, கேட்பது போலத்தான் கேட்டார். "நேத்துக் காலைல அது கத்தியிருக்கும். கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். போவாதீங்கன்னு சொல்லியிருப்பேன். கால்ல விழுந்தாவது நிறுத்தியிருப்பேன்."

அது நியாயமா அநியாயமா என்று யோசிக்கக்கூட அது நேரமில்லை. அவரைத் தாங்கிப் பிடிக்கப் போனேன். தள்ளிவிட்டார்.

அக்காவின் பேச்சு லைனில் ஊறியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நாயை வெறுத்தவர்கள் இப்போது அதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். காலையில் கணவனை அனுப்பிவிட்டு எங்கள் வாசல் வழியாக ஒரு நடை வருவார்கள். "ராத்திரி சரியா தூங்கிச்சா?" என்பாள் ஒருத்தி. "சோறு தின்னுதா?" என்பாள் இன்னொருத்தி. நாய் ஒருநாள் வயிற்றுவலியில் முனகியதற்கு இரண்டு வீட்டு ஆண்கள் லீவு போட்டார்கள். யாரோ அதன் முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாயைக் கட்டிய கைகளில் ஒன்றுதான் அதையும் வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நாய் தும்மினால்கூட நானே அதன் முகத்தை உற்றுப் பார்த்தேன். காலையில் அவர் கிளம்பும்போது அது கொட்டாவி விட்டது. "இன்னிக்குப் போவாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "இப்பிடியே போனா நீயும் பைத்தியமாயிடுவே, அதுவும் சாவும்," என்றார்.

விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், லோஹேகாவில் அவருடைய நண்பர் ஒருவர் செடி நாற்றங்கால் வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் நாயை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விட்டோம். ஆகாயத்தில் போர்விமானம் ஒன்று காதைப் பிளந்துகொண்டு போனது. நாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு என் கையைத் தேடி வந்தது. கையிலிருந்த மீன் அத்தனையையும் கொடுத்தேன். கிளம்பும்போது அது பின்னால் ஓடிவரவில்லை. நாற்றங்கால்காரர் பிடித்திருந்தார். சில மாதங்களில் அங்கே நன்றாகக் குரைக்கிறது, திருடன் வரப் பயப்படுகிறான் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பல வருடம் இருந்தது.

அக்காவுக்கு, கணவர் இறந்த தொழிற்சாலையிலேயே வேலை கொடுத்தார்கள். மருந்துப் பிரிவில் இல்லை, பெட்டிக்கு அட்டை ஒட்டும் பிரிவில். ஆனாலும் அதே கேட், அதே மதில். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். முதல்நாள் காலை காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். சட்டை தோளில் தொங்கியது.

"கேட்டு வரைக்கும் வரியா பாப்பா?" என்றார்.

போனேன். கேட்டில் மற்றப் பெண்கள் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"பசங்க வந்தா சோறு போடு. சின்னவன் மோரு ஊத்தினா துன்னமாட்டான், பருப்பு வெச்சிருக்கேன். பெரியவள வெளிய விளையாட உடாத."

"சரிக்கா."

உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து இரண்டு வீட்டு அரிசியையும் களைந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.